சுமப்பவரின் அறம்

கடையில் பணம் கட்டி வாங்கிய தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்கு வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு முன் ஒரு பயணம் இருக்கிறது. அந்தப் பயணத்தில் அதை உடையாமல் காப்பதற்கு மனிதர் காட்டும் கவனம் பற்றா, அறமா? பற்றை விடச் சொல்லும் சமயங்களே கவனத்தையும் கடமையாக்குகின்றன. பொருள்மேல் ஆசை கூடாது என்றால் அதை ஏன் அத்தனை பத்திரமாகத் தூக்க வேண்டும்? பத்திரமாகத் தூக்குகிறவருக்கு ஆசை இல்லை என்று எப்படிச் சொல்வது? தத்துவத்தில் பழைய கேள்வி இது.

மதுரைக்கு வடகிழக்கில், மேலூர் வட்டத்தில் உள்ள திருவாதவூர் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளைத் தன்னிடம் வைத்திருக்கிறது. உடைமை எல்லாவற்றையும் துறந்த சமண முனிவர்கள் தங்கிய ஓவாமலை அங்கே இருக்கிறது. அரசன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் பிறந்த ஊரும் அதுவே.

பொருளின் இயல்பு

அறத்தைப் பேசுவதற்கு முன் சுமக்கப்படும் பொருளை அறிய வேண்டும். தமிழ்நாடு அரசு 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். அவற்றின் முன்கண்ணாடி தடித்தது. பெட்டியும் கைக்கு அடக்கமானது. தலையிலும் தோளிலும் சைக்கிள் கேரியரிலும் வைத்து ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது.

தட்டைத்திரை வேறு வகை. எல்இடி தொலைக்காட்சி என்று கடைகளில் சொல்லப்படுவதன் உள்ளே இருப்பது, இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில மைக்ரான் தடிமனில் அடைக்கப்பட்ட திரவப் படிகம். அந்தத் தகடுகளை விளிம்பைச் சுற்றியுள்ள சட்டம் மட்டுமே பிடித்திருக்கிறது. நடுப்பகுதிக்குப் பின்னால் வலுவான தாங்கல் கிடையாது. நிமிர்த்தி வைத்தால் கண்ணாடியின் எடை அதன் தளத்தின் வழியாகவே கீழ்விளிம்புக்கு இறங்குகிறது. அந்தத் திசையில் கண்ணாடிக்கு உறுதி அதிகம். படுக்க வைத்தால் நடுப்பகுதி தன் எடையாலேயே லேசாகத் தொய்கிறது. அப்போது வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் தகடு மேலும் கீழும் வளைகிறது. வெளியே கீறல் ஒன்றும் தெரியாமல் உள்ளே விரிசல் விழுந்து, மின்சாரம் கொடுத்த பிறகே அது கறுப்புக் கறையாகவோ வண்ணக் கோடுகளாகவோ வெளிப்படுவதும் உண்டு.

எடுத்துச் செல்லும் முறை இந்த இயல்பிலிருந்தே பிறக்கிறது. பெட்டி எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட அம்புக்குறிகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே பொருத்திய தெர்மாகோல் கட்டைகளைக் கழற்றக் கூடாது. திரை இருக்கும் பக்கத்தில் வேறு சாமான் சாயக் கூடாது. கயிற்றைத் திரையின் நடுவே இழுத்துக் கட்டுவதும் கூடாது. 43 அங்குலத் திரையின் மூலைவிட்டம் 109 சென்டிமீட்டர். அட்டைப்பெட்டி அதைவிட இடம் கேட்கும். கார் பின்னிருக்கையில் அது நிமிர்ந்து நிற்குமா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். நிற்காது என்றால் லோடு ஆட்டோவோ குட்டியானையோ பிடிப்பதே வழி. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம், கீழ்விளிம்பில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது விரல்கள் திரையின்மேல் அழுந்தக் கூடாது.

மதுரைக் கடைத்தெருவிலிருந்து ஒத்தக்கடை போய், அங்கே மேலூர் சாலையை விட்டுப் பிரிந்து, திருமோகூர் வழியாகத் திருவாதவூர் சேரும் வழி இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும். இந்த முறைகளில் ஒன்று தவறினாலும் பொருளைக் கெடுக்க அந்தத் தூரம் போதும்.

வழியில் இருக்கும் பொருள்

பணம் கட்டியாகிவிட்டது, பொருள் வீடு சேரவில்லை. இந்த இடைவெளியில் அது யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை வாங்குபவருக்கு மாறும்வரை நட்டத்தின் பொறுப்பு விற்பவருடையது. மாறிய பிறகு, பொருள் கைக்கு வராவிட்டாலும், வாங்கியவருடையது. ஒரு தரப்பின் தவறால் ஒப்படைப்பு தாமதமானால், அந்தத் தாமதத்தால் வரக்கூடிய நட்டம் தவறிய தரப்பையே சேரும். நடுவே பொருளைக் கையில் வைத்திருப்பவரின் கடமையை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அதே அளவும் தரமும் மதிப்பும் கொண்ட தன் சொந்தப் பொருளை இயல்பான விவேகம் உள்ள ஒருவர் எப்படிக் காப்பாரோ, அப்படி இதையும் காக்க வேண்டும். அவ்வளவு கவனம் காட்டியும் பொருள் கெட்டுவிட்டால், தனி உடன்பாடு இல்லாதவரை அவர்மேல் பொறுப்பு இல்லை என்கிறது 152-ஆம் பிரிவு.

சட்டத்தின் இந்த அளவுகோலை வள்ளுவர் வெகுகாலம் முன்பே வணிகருக்கு வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வணிகம் என்னும் கருத்து, நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வருகிறது. பொருள் காக்கும் அறத்தை அவர் நடுவுநிலைமையில் சேர்த்தது ஆழமானது. தனது, பிறரது என்று பார்த்துக் கவனம் கூடியும் குறைந்தும் போனால் அது துலாக்கோல் சாய்வதற்குச் சமம்.

ஆனால் பொறுப்பை யார் ஏற்பது என்று தீர்த்துவிட்டால் கவனம் தானாக வந்துவிடாது. பாண்டிய நாட்டுக் குதிரை வணிகமே இதற்குச் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் இங்கே கப்பலேறி வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடல்வழியில் குதிரை காயம்பட்டாலும் செத்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு. விற்றவருக்கு நட்டமில்லை, வாங்கியவருக்குச் செல்வம் குறைவில்லை. ஆனால் அதே காலத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் குதிரைகள் ஏராளமாக மடிந்தன என்று குறித்தார். விலைக்குக் காப்பு இருந்தது, குதிரைக்கு இல்லை. காப்பீடு பொருளின் விலையைத் திருப்பித் தரும். சுமப்பவரின் மனநிலையை அது உண்டாக்காது.

சொந்தப் பொருளை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தன் பொருளையே எறிந்து பழகியவருக்கு அந்த அளவுகோல் எதையும் கற்பிக்காது. தன் பொருள்மேல் அளவுகடந்த ஆசை கொண்டவரையோ அது பதற்றத்தில் தள்ளும். உடைமையைச் சாராத ஓர் அளவுகோல் வேண்டும். அது ஓவாமலையில் கிடைக்கிறது.

துறவியரின் கவனம்

ஓவாமலைக் குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. கல்வெட்டுகள் ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; துறவியருக்கு உறைவிடம் செய்து கொடுத்தவர்களின் பெயரைச் சொல்பவை. கல்லில் வெட்டிய அந்தப் படுக்கைகூட முனிவரின் உடைமை ஆகாது, இல்லறத்தார் கொடுத்தது. சமணத் துறவியின் ஐந்து மாவிரதங்களில் ஒன்று அபரிக்கிரகம், அதாவது எதையும் தன்னுடையது என்று கொள்ளாமை. திகம்பரத் துறவியிடம் இருப்பவை மயிற்பீலி, கமண்டலம், ஓதும் நூல் ஆகியவையே.

இப்படி ஒன்றுமில்லாதவர்களுக்குப் பொருளைக் கையாளும் விதிகள் தேவையில்லை என்று தோன்றலாம். சமண நெறியோ அவர்களுக்கே மிக நுணுக்கமான விதியை வைத்தது. துறவி கைக்கொள்ள வேண்டிய ஐந்து சமிதிகளில் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி: ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் காக்க வேண்டிய விழிப்பு. கமண்டலத்தைத் தரையில் வைக்கும் முன் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிற்றுயிர் ஏதேனும் இருந்தால் பீலியால் மெல்ல ஒதுக்க வேண்டும். பிறகே வைக்க வேண்டும். எடுப்பதற்கும் இதுவே முறை. நடப்பதற்கும் பேசுவதற்கும் உணவு ஏற்பதற்கும் எவ்வளவு விழிப்பு வேண்டுமோ, தூக்கி வைப்பதற்கும் அவ்வளவு வேண்டும் என்று அது கருதியது.

இந்த விதி பற்றையும் கவனத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. கமண்டலத்தின்மேல் துறவிக்கு ஆசை இல்லை. அது உடைந்தாலும் அவர் கலங்கமாட்டார். ஆயினும் அதை ஓங்கி வைக்கமாட்டார். அவருடைய கவனம் ‘எனது’ என்ற எண்ணத்தில் தொடங்குவதில்லை. தன் செயல் எங்கெங்கே போய்த் தொடுகிறது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. ஆகவே ஆசை போய்விட்டால் கவனமும் போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆசை விலகிய இடத்தில் கவனம் இன்னும் தெளிவாகும். ஆசை கொண்டவர் பொருளை மட்டுமே பார்ப்பார். சமிதியைக் காப்பவர் பொருளுக்குக் கீழே இருக்கும் எறும்பையும் பார்ப்பார்.

இதிலிருந்து சாலைக்கு ஒரு முறைவரிசை கிடைக்கிறது. முதலில் உயிர், பிறகு பொருள். பெரிய பெட்டியை இருசக்கர வாகனத்தின் பின்னால் உட்கார்ந்து கையால் பிடித்துக்கொண்டு போவது இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஒரு மீட்டருக்குமேல் அகலமான அட்டை இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். லாரி கடக்கும்போது எழும் காற்று அதைப் பாய்போலத் தள்ளும். பிடித்திருப்பவரின் பார்வையும் மறைந்திருக்கும். திரை தப்பினாலும் மனிதர் தப்பாமல் போகலாம். வாடகை வண்டிக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க எதிரே வருபவரின் உயிரையும் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது. பெட்டியைக் காக்கத் திடீரென்று பிரேக் அடிப்பதும், கயிறு தளர்ந்த பெட்டியோடு நெடுஞ்சாலையில் விரைவதும் அதே குற்றம்தான்.

வாதவூரரின் கதை

சமணம் தந்த விடையைச் சைவம் வேறு வழியில் அடைகிறது. சைவ சித்தாந்தத்தின்படி உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய தனு, கரணம், புவனம், போகம் நான்கும் மாயையிலிருந்து இறைவன் உயிருக்கு ஆக்கிக் கொடுத்தவை. உயிர் பக்குவப்படும்வரை பயன்படுத்திக்கொள்ளக் கொடுக்கப்பட்டவை அவை. ஆண்டு அனுபவிக்கத் தடையில்லை, ‘எனது’ என்று கட்டிக்கொள்வதே பாசம். வீட்டுக்கு வரும் தொலைக்காட்சியும் இந்த வகையில் போகமே. பணம் கொடுத்தவரும் இறுதிக் கணக்கில் அதைச் சிலகாலம் வைத்திருப்பவர்தான். சுமை கூலிக்காரர் ஒரு மணி நேரம் சுமக்கிறார். வாங்கியவர் சில ஆண்டுகள் சுமக்கிறார்.

எல்லாம் இறைவனுடையது என்றால் மனிதருக்குள் உள்ள ஒப்படைப்புகளுக்கு மதிப்பில்லை என்று ஒருவர் முடிவுகட்டக்கூடும். மாணிக்கவாசகரின் வரலாறு அந்த முடிவை மறுக்கிறது. பாண்டியனின் அமைச்சரான வாதவூரர் கருவூலப் பணத்தோடு கீழைக் கடற்கரைக்குக் குதிரை வாங்கப் போனார். திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் இறைவனையே குருவாகக் கண்டு ஆட்பட்டு, கொண்டுபோன பொருளைத் திருப்பணியில் செலவிட்டார் என்று புராணம் சொல்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் கடவுள் மாமுனிவரின் திருவாதவூரர் புராணமும் இதை விரிவாகப் பாடுகின்றன.

வாதவூரரின் பக்தியை ஐயுறாத புராணம், மன்னன் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்ற கேள்வியையும் கைவிடவில்லை. குதிரைகள் வந்து சேர வேண்டும் என்ற கடன் அப்படியே நிற்கிறது. இறைவனே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்து ஒப்படைக்கிறார். இரவில் அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டபோது வாதவூரர் தண்டனைக்கு ஆளாகிறார். வைகையின் சுடுமணலில் நிறுத்தப்படுகிறார். திருப்பெருந்துறையில் பெற்ற அருள் மதுரையில் நின்ற கடனை அழித்துவிடவில்லை. இறைவன் ஏற்றுக்கொண்ட பிறகும் மனிதர் கணக்குக் கேட்கிறார். அதற்காக இறைவனும் உழைக்க வேண்டியிருக்கிறது. ‘எல்லாம் அவனுடையது’ என்ற ஞானம், பிறர் நம்பிக் கொடுத்ததைச் சேர்ப்பிக்கும் கடமையிலிருந்து விடுதலை அன்று என்று இந்த வரலாற்றைப் படிப்பதே பொருத்தமானது.

ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் கோயிலில் நரியைப் பரியாக்கிய லீலையும் பிட்டுக்கு மண் சுமந்த லீலையும் நடக்கின்றன. அதற்காகத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் ஆண்டுதோறும் மதுரைக்கு எழுந்தருளுகிறார். விழா முடிந்ததும் ஊர் திரும்புகிறார். திருமேனியைப் பல்லக்கில் ஏற்றுபவர்களும் தோளில் தாங்குபவர்களும் அதற்கு உரிமையாளர்கள் அல்லர். ஆயினும் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கிறார்கள். ஒருவர் தோள் தாழ்ந்தால் மற்றவர் ஈடுகொடுக்கிறார். தெய்வத் திருமேனியும் கடைச்சரக்கும் ஒரே மதிப்புடையவை ஆகா. ஆனால் உரிமை கொண்டாடாமலே முழுக் கவனத்தோடு சுமக்க முடியும் என்பதை அந்தத் தோள்கள் ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றன.

கூலியாளும் பிரம்படியும்

அதே வரலாற்றின் அடுத்த பகுதி சுமப்பவரைப் பற்றியது. வைகையில் வெள்ளம் பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். ஆளில்லாத கிழவி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இறைவன் கூடையும் மண்வெட்டியுமாக வந்தார். அவர் பங்குக் கரை அடைபடாமல் கிடந்ததைக் கண்டு பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன்மீதும் அரசிமீதும் எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது.

வேலை குறைபட்டது உண்மை. அரசனின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. ஆனாலும் புராணம் அந்த அடியை நியாயப்படுத்தவில்லை. சுமை தூக்குபவரை அடிப்பது தன்னையே அடித்துக்கொள்வது என்ற பாடத்தைப் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் விரிசல் தெரிந்தவுடன் பழி முதலில் விழுவது லோடுமேன்மேல். அவர் ஒருவரை மட்டும் அனுப்பி மூன்றாம் மாடிக்கு ஏற்றச் சொன்னது யார், பெட்டிமேல் வேறு சாமானை அடுக்கியது யார், அவசரப்படுத்தியது யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் மாதச் சம்பளத்தைவிட விலை கூடிய பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாவது ஆளுக்குக் கூலி தர மறுப்பது அறமாகாது. தூக்குபவருக்குத் துணை ஆள், இறக்குவதற்கு நேரம், குடிக்கத் தண்ணீர், நியாயமான கூலி ஆகியவை பாதுகாப்பான போக்குவரத்தின் பகுதிகளே. இவற்றைக் கொடுக்காதவர் கவனத்தை எதிர்பார்க்கும் உரிமையை இழக்கிறார்.

கவனத்துக்குப் பின்னும் உடைந்தால்

எல்லாம் முறையாகச் செய்தும் பொருள் கெடுவதுண்டு. அப்போது சுமந்தவரின் பொறுப்பு எங்கே முடிகிறது? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மதுரை ஆயர்மகள் மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கோவலன் கொலைப்பட்டுக் கண்ணகியும் நகரை விட்டுப் போன பிறகு, அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி தீயில் வீழ்கிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். மாதரி செய்த பிழை எதுவும் இல்லை. ஒப்படைக்கப்பட்டதை எவ்வளவு கனமாகத் தமிழ் மரபு எண்ணியது என்பதற்கு அவள் சாட்சி. ஆனால் அவள் இழந்தது ஓர் உயிரின் காவலை. ஒரு பொருளின் இழப்புக்கு அந்தத் துயரத்தில் சிறு பங்கும் உரியதாகாது. இந்த இடத்தில் 152-ஆம் பிரிவு காட்டும் மிதம் அறத்துக்கும் ஏற்றது: கவனம் குறையாதிருந்தால் குற்றமும் இல்லை.

உரிமையாளரின் மனத்துக்கு வழி சொல்பவர் இருவர். ஒருவர் அடிமையாகப் பிறந்து ரோமில் வாழ்ந்த மெய்யியலாளர் எபிக்டெட்டஸ். கையை விட்டுப் போன எதையும் இழந்ததாகச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்ததாகக் கருதச் சொன்னவர் அவர். கையில் இருக்கும்வரை அதைப் பிறர் பொருளைப்போல் பேணவும் சொன்னார். மற்றவர் காந்தியடிகள். கீதை சொல்லும் அபரிக்கிரகம் அவரை வாட்டியது. பொருள் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டுமா என்று கலங்கினார். சட்டம் படித்தபோது கற்ற தருமகர்த்தா என்னும் கருத்து அவருக்குத் தெளிவு தந்ததாகச் சத்திய சோதனையில் எழுதினார். பெரும் சொத்தை நிர்வகித்தாலும் அதில் ஓர் அணுவையும் தன்னுடையது என்று எண்ணாதவர் தருமகர்த்தா. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறிய அவரே, பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தவர். ஆடையைக் குறைத்ததும் கணக்கைக் கூட்டியதும் ஒரே மனநிலையின் இரு செயல்கள்.

ஆக, கேள்விக்கான விடை இதுதான். பற்று பொருளை ‘எனது’ என்று பிடிக்கிறது. கவனம் ‘என்னிடம் இருக்கிறது’ என்று தாங்குகிறது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் மூன்று இடங்களில் வேறுபடும். பிறர் பொருளைத் தூக்கும்போது பற்றுக்கு அக்கறை குறையும், கவனத்துக்குக் குறையாது. பொருளுக்கும் உயிருக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் பற்று தடுமாறும். கவனம் தயங்காமல் உயிரின் பக்கம் நிற்கும். பொருள் உடைந்துபோனால் பற்று அடிக்கக் கையோங்கும். கவனம் காரணத்தை அறிந்துகொண்டு, அடுத்த முறைக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். புதிய தொலைக்காட்சியை நிமிர்த்தி, இருவராகத் தூக்கி, வண்டியில் அணைத்து வைத்து, மெதுவாக ஓட்டி, பார்த்து இறக்கும் செயல் இந்த மூன்றையும் ஒருங்கே பழக்கும். அன்றாடத்தில் இவ்வளவு எளிதாகக் கைக்கொள்ளக் கூடிய துறவுப் பயிற்சி வேறு அதிகம் இல்லை.